இருக்கிற ஒரு கார் போதுமா, இன்னொன்று வாங்க வேண்டுமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் சேலையூரில் இருக்கிறோம். எனக்குக் கிண்டியில் வேலை. தினமும் காரில்தான் போகிறேன்; காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த கணவரை இப்போது வாரம் இரண்டு நாள் சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனின் பள்ளி ஒன்றரை கிலோமீட்டர். மாமியாருக்கு மூட்டு வலி, மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரி. இரண்டாவது கார் வாங்கலாமா, அல்லது இருக்கிற காரையே குறைத்து ஓட்டிச் சமாளிக்கலாமா? ஓட்டாமல் வைத்தால் கார் கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: வாங்காதீர்கள். மூன்று மாதமாவது தள்ளிப்போடுங்கள்.

முதலில் பணக் கணக்கு. சேலையூரிலிருந்து கிண்டி ஏறக்குறைய 18 கிலோமீட்டர். போய்வர 36. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல வண்டி. ஆக ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 22 வேலை நாளுக்கு 6,600 ரூபாய். ரயிலுக்கு மாறினால் இதில் பெரும்பகுதி மிச்சம்தான். ஆனால் இன்சூரன்ஸும் தேய்மானமும் கார் வாசலில் நின்றாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். "காரைக் குறைத்தால் மாதம் 15 ஆயிரம் மிச்சம்" என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறார்கள். காரை விற்காதவரை அது கைக்கு வராது. உங்களுக்குப் பெரிய மிச்சம், வாங்காமல் விடப்போகும் இரண்டாவது காரில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் காரை விட வேண்டியவர் நீங்கள்தான், கணவர் அல்ல. காரணம், உங்கள் வழியில் ரயில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்தே கிளம்பும் லோக்கல் ரயில்களைப் பார்த்துப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்; செங்கல்பட்டிலிருந்து வருபவை நிரம்பித்தான் வரும். சுமார் அரை மணி நேரத்தில் கிண்டி. இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் மூன்று லிட்டர் பெட்ரோல் விலையைத் தாண்டாது, அதாவது நீங்கள் ஒரு நாளில் எரிப்பது. வீட்டிலிருந்து தாம்பரம் கிழக்குக்கு மாநகரப் பேருந்து. முன்னும் பின்னும் பிங்க் அடித்த சாதாரணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

நேரம் மிச்சமாகும் என்று நான் சொல்ல மாட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, படியேறி இறங்குவது, கிண்டியில் நடப்பது எல்லாம் சேர்த்தால் அதே ஒரு மணி நேரம்தான் வரும். ஆனால் அது தினமும் அதே ஒரு மணி நேரமாக இருக்கும். பல்லாவரத்தில் எவனோ குறுக்கே திரும்பினான் என்று 20 நிமிடம் கூடுதலாக ஆகாது. எடுத்த எடுப்பில் ஐந்து நாளும் வேண்டாம். கணவர் அலுவலகம் போகும் அந்த இரண்டு நாள் மட்டும் நீங்கள் ரயில், அவர் கார். அந்த இரண்டு நாள் பழகியதும் மூன்றாவது நாள் தானாக வரும். கொட்டுகிற மழையில் காரையே எடுங்கள். ஐப்பசி மாதத்தில் வைராக்கியம் வேண்டாம்.

அலுவலகப் பயணத்தைவிட எனக்கு அதிகக் கவலை சின்னச் சின்னப் பயணங்கள்தான். ஒரு சீட்டும் பேனாவும் காரிலேயே வையுங்கள். 14 நாள், யார் எடுத்தாலும் எங்கே, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். போக்குவரத்துத் திட்டமிடலில் இத்தனை வருடம் இருந்துவிட்டு நான் என் வீட்டில் இதைச் செய்தபோது, 31 முறை கார் கிளம்பியிருந்தது. அதில் 17 மூன்று கிலோமீட்டருக்குள். ஒரு வரி இப்படி இருந்தது: "இட்லி மாவு, 800 மீட்டர்." என் கையெழுத்துதான்.

காருக்கு ஆகாததே இந்த மாவு வாங்கும் பயணம்தான். நம் ஊர்க் காலையில் 28 டிகிரியில் இருக்கும் எஞ்சின், வேலை செய்ய ஏற்ற சூடான 90 டிகிரியைத் தொடுவதற்குள் நீங்கள் கடைக்குப் போய்த் திரும்பிவிடுவீர்கள். சூடேறும்வரை பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் நன்கு சூடானால்தான் வேலையே தொடங்கும். சைலன்சருக்குள் தேங்கும் ஈரம் காயாமல் துருப்பிடிக்கும். ஸ்டார்ட் செய்ய பேட்டரி கொடுத்த சார்ஜ், ஐந்து நிமிட ஓட்டத்தில் முழுதாகத் திரும்பாது.

மாவுக்குக் காரை எடுத்ததற்கு என் சோம்பல் மட்டும் காரணமில்லை. எங்கள் போர்ட்டிகோவில் சைக்கிள் காருக்குப் பின்னால் சுவரோரம் கிடந்தது. அதை எடுக்கக் காரை வெளியே விட வேண்டும். விட்டபின் சைக்கிள் எதற்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை டயருக்குக் காற்றடித்து, துடைத்து, கேட்டுக்கும் காருக்கும் நடுவில் நிறுத்தினேன். இப்போது காரை எடுக்கத்தான் சைக்கிளை நகர்த்தி, கேட்டின் இரண்டு கதவையும் திறக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் முதல் வாரம் திட்டினார்கள். அப்புறம் கார் சாவி ஆணியிலேயே தொங்க ஆரம்பித்தது.

பள்ளிக்கு ஒன்றரை கிலோமீட்டர் 20 நிமிட நடை. பையனைத் தனியே மெயின் ரோட்டில் சைக்கிளில் அனுப்பச் சொல்ல மாட்டேன். நடைபாதை இல்லாத சாலைகள் நம்முடையவை. அதே தெருவில் அந்தப் பள்ளிக்குப் போகும் வீடுகளைப் பிடியுங்கள். மூன்று பிள்ளைகள் இருந்தால் போதும், பெற்றோர் முறை வைத்து உள்தெரு வழியாக நடத்திக் கூட்டிப்போகலாம். உங்கள் முறை வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வரும்.

மாமியாரின் ஆஸ்பத்திரிக்குக் கார்தான். மூட்டு வலிக்காரரைப் பஸ் படியேற வைக்காதீர்கள். கார் வீட்டில் இல்லாத நாளானால் ஆட்டோ. ஆட்டோவுக்குக் கொடுக்கும் 150 ரூபாய் கண்ணில் படும், உறுத்தும். பெட்ரோல் பங்க்கில் கார்டைத் தேய்ப்பது உறுத்தாது. இரண்டாவது காரின் ஒரு மாத இ.எம்.ஐ.யில் எத்தனை ஆட்டோ பிடிக்கலாம் என்று மாமியாருக்கும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

நிறுத்தினால் கெடுமா? வாரக்கணக்கில் தொடாமல் விட்டால் பேட்டரி இறங்கும், டயரில் காற்றும் குறையும். உங்கள் கார் வாரம் இரண்டு நாள் சோழிங்கநல்லூர் போய்வரப்போகிறது; அதுவே தாராளம். நீங்கள் ஊருக்குப் போய், கார் நீண்ட நாள் நின்றிருந்தால், நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்காதீர்கள், அதில் பயனில்லை. அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காற்றுப் பாருங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்ற பிரீமியம் உண்டா என்று கேளுங்கள், 2022லேயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்துவிட்டது. சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான் குறையும், மூன்றாம் நபர் பகுதியில் குறையாது.

இன்னொன்று, எலி. நிற்கும் காரின் பானெட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடித்துவிடும். கோழி பிரியாணி மிச்சத்தையும் பிஸ்கட் பாக்கெட்டையும் காருக்குள் விடாதீர்கள். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து, வைக்கோலோ துணிக் கிழிசலோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.