பூ மேலே இருக்கிறது, விளிம்பில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஆன்லைனில் ஒரு ஃபாசில் கோரல் (கல்லாக மாறிய பழங்காலப் பவளம்) பதக்கம் வாங்கினேன். பழுப்பு நிறக் கல்லில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். அசல் என்றால் வினிகரில் நுரைக்கும் என்று தோழி சொன்னாள். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், நுரைக்கவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பவளத்தின் கூடு கால்சியம் கார்பனேட். அது நுரைக்கும், சரி. ஆனால் நகைக் கல்லாக நிறைய வரும் இந்தோனேசியச் சரக்கு, மண்ணுக்குள் கிடந்த காலத்தில் சிலிக்கா ஊறி அகேட் என்ற கடினக் கல்லாக மாறியது. அது நுரைக்காது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பெட்டாஸ்கி கல்லும் ஃபாசில் கோரல்தான்; அது இன்னும் கால்சைட்டாகவே, அதாவது கால்சியம் கார்பனேட்டாகவே இருப்பதால் நுரைக்கும். இரண்டும் அசல்தான். வினிகர் பட்டால் பின்னதன் பாலிஷ் மங்கிவிடும் என்பதால் இந்தச் சோதனையே எனக்குப் பிடிக்காது.

ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு கல்லைப் பக்கவாட்டில் திருப்புங்கள். நீங்கள் பூ என்று பார்ப்பது ஒரு பவள உயிரி குடியிருந்த அறை. நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல மெல்லிய சுவர்கள் ஓடும். அந்த அறை குழாய் போலக் கல்லுக்குள் இறங்குவதால், மேலே பூவாக இருப்பது விளிம்பில் கோடுகளாகத் தொடர வேண்டும். சாய்வாக அறுத்த இடத்தில் பூ நீண்டிருக்கும். அச்சடித்த போலியில் பூ விளிம்போடு நின்றுவிடும்; ஒரே பூ அச்சு அசலாகத் திரும்பவும் வரும். பின்பக்கத்தை மூடிக் கட்டிய பதக்கம் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

ரெசின் (பிளாஸ்டிக் போன்ற பிசின்) போலி என்றால் கையில் லேசாக இருக்கும், தொட்டதும் கல்லின் குளிர்ச்சி இருக்காது. கண்ணாடியில் செய்த போலி என்றால் லென்ஸுக்குக் காற்றுக் குமிழிகள் தெரியலாம். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம். தழும்பு விழுந்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

அப்புறம், கல் அசலாக இருந்து நிறம் மட்டும் ஏற்றியதாகவும் இருக்கலாம். அடர் சிவப்போ நீலமோ விரிசல்களில் தேங்கி நின்றால் அதுதான் விஷயம். பழுப்பு இயல்பான நிறமே. சாயம் ஏற்றுவது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் தவறு. விளிம்பில் கோடு தொடரவில்லை என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பக்கவாட்டுப் படத்தோடு விற்றவருக்கு எழுதுங்கள்.