நாலு தரம்

கேள்வி: 1951-ல் அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்காக பாபி தாம்சன் அடித்ததை ‘உலகமே கேட்ட அடி’ என்கிறார்கள். ஆனால் ஜெயன்ட்ஸ் திருட்டுத்தனமாகத்தான் ஜெயித்தார்களாமே, உண்மையா? — ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ‘கேட்ட’ என்று எழுதியிருக்கிறீர்களே, திருட்டைவிட எனக்கு அதுதான் சுவாரசியம். எதைக் கேட்டது உலகம்?

அக்டோபர் 3, போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். எதிரே அதே ஊர்ப் பங்காளிகளான புரூக்ளின் டாட்ஜர்ஸ். ஆகஸ்டில் டாட்ஜர்ஸைவிட 13 ஆட்டங்கள் பின்தங்கிக் கிடந்த ஜெயன்ட்ஸ், எட்டிப் பிடித்துவிட்டார்கள். லீக் பட்டம் யாருக்கு என்று தீர்க்க வைத்த மூன்று ஆட்டங்களில் இது கடைசி. கடைசிச் சுற்றில் டாட்ஜர்ஸ் 4-2 முன்னிலை. ஜெயன்ட்ஸுக்கு இரண்டு பேர் தளங்களில். பந்து வீச வந்த ரால்ஃப் பிராங்காவின் முதுகில் 13-ஆம் எண். அவருடைய இரண்டாவது பந்தைத் தாம்சன் அடிக்க, அது இடது பக்கத்துப் பார்வையாளர் வரிசைக்குள் போய் விழுந்தது. அப்படி விழுந்தால் தளங்களில் நின்ற இருவருக்கும் அடித்தவருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டம். 5-4.

வானொலியில் ஜெயன்ட்ஸின் வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ் கத்தினார்: ஜெயன்ட்ஸ் பட்டத்தை ஜெயித்துவிட்டார்கள்! அதையே மறுபடி. மறுபடி. மறுபடி. ஏலம் விடுகிறவர்கூட மூன்று தரத்தோடு நிறுத்திக்கொள்வார். நம் பத்திரிகைக்குக் கவிதை அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. கடைசி வரியை மூன்று முறை எழுதி, மூன்று புள்ளியும் வைத்து அனுப்புவார்கள். நான் இரண்டை வெட்டுவேன். ‘என் கவிதையின் உயிரை எடுத்துவிட்டீர்கள்’ என்று கடிதம் வரும், அதிலும் அந்த வரி மூன்று முறை இருக்கும். ஹாட்ஜஸை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. அவர் எழுதிக்கொண்டு வந்து கத்தவில்லை, அதுதான் வித்தியாசம். கவிஞர்கள் கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் ஒரு முறை கோபித்தால் போதும்.

அதே நாளில்தான் சோவியத் யூனியன் இன்னொரு அணுகுண்டை வெடித்துப் பார்த்ததாக வெள்ளை மாளிகை அறிவித்தது. உலகத்துக்குக் கேட்டிருக்க வேண்டிய சத்தம் என்றால் அதுதான்.

சரி, திருட்டு. நடந்ததுதான். அந்த சீசனில் மைதானத்தின் நடுக்கோடியில் இருந்த அறையில் ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, எதிரணி கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர், எந்த மாதிரிப் பந்து போடு என்று வீசுகிறவருக்குக் காட்டும் விரல் சைகையைப் பார்த்து மின்மணியை அமுக்குவார். மாற்று வீரர்கள் இருக்கும் இடத்தில் மணி அடிக்கும், அங்கிருந்து மட்டையாளருக்கு ஜாடை போகும். 2001-ல் இது விவரமாக அச்சில் வந்தது. அந்தப் பந்துக்குத் தான் ஜாடை பார்க்கவில்லை என்றார் தாம்சன். ஜாடை தெரிந்தாலும் பந்தை அடித்தாக வேண்டுமே! அடித்தவரும் அடிபட்டவரும் பிற்காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் காசு பார்த்தார்கள். பங்காளிச் சண்டை முடிந்தால் இப்படித்தான்.

இன்றைக்கு நாம் கேட்கும் அந்தக் கத்தலை வானொலி நிலையம் பதிவு செய்து வைக்கவில்லை. புரூக்ளினில் ஒரு ரசிகர் வேலைக்குக் கிளம்பும்போது, கடைசிச் சுற்றில் டேப் ரிக்கார்டரை ஓடவிடு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா மறக்காமல் பொத்தானை அமுக்கினார். பதிவு செய்தவர் ஒரு டாட்ஜர்ஸ் ரசிகர், ஜெயன்ட்ஸ் தோற்று ஹாட்ஜஸ் அழுவதைப் பதிவு செய்ய ஆசைப்பட்டார் என்று இன்னொரு கதையும் உண்டு. நான் அம்மா கட்சி.

எங்கள் வீட்டிலும் ஒரு கேசட் இருக்கிறது. மேலே அப்பாவின் பெயரை நானே எழுதியிருக்கிறேன். அவர் பாடியதைப் பதிந்து வைத்த கேசட். அப்புறம் ஒரு தேர்தல் நேரத்தில் அவசரத்துக்கு வேறு கேசட் கிடைக்காமல் போனது. இப்போது போட்டால் மாநிலச் செய்திகள் வருகின்றன.