மாசியில் கொள்ளிடம்: தனியாகத் துடுப்பிட்டுப் போகலாமா?

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில், பனி உருகும் வசந்தத் தொடக்கத்தில் ஆறுகளில் தனியாகக் கயாக் ஓட்டிப் பழகினேன். இப்போது ஊர் திரும்பிவிட்டேன். காற்றடைக்கும் கயாக் ஒன்று கையில் இருக்கிறது. மாசியில் அணைக்கரையில் இறங்கி, கொள்ளிடம் வழியாக இரண்டு நாளில் பழையாறு முகத்துவாரம் வரை போக ஆசை. மாசி மகத்தன்று கடலைத் தொட்டுவிட வேண்டும். வழி சொல்வீர்களா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையில் பதினோரு ஆண்டுகள் மதகுகளோடு வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் துடுப்பு பிடித்தேன். நான்கு மாசி மாதங்கள் கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் தனியாகப் போய் வந்திருக்கிறேன். அதனால் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அணைக்கரையில் மட்டும் இறங்காதீர்கள்.

நீங்கள் இருந்த நாட்டில் வசந்தம் என்றால் ஆறு பெருகும் காலம். நமக்கு அது வற்றும் காலம். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவதும் ஜூன் 12-ல் திறப்பதும் வழக்கம். அதிலும் கொள்ளிடம் வெள்ளத்தை வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறு. உபரி நீர் இல்லாத நாளில் அதற்குப் பங்கு கிடையாது. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை, வருகிற நீரை நிறுத்தி வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் மற்ற பாசனக் கால்வாய்களுக்கும் அனுப்புகிறது. மாசியில் அணையின் கீழே நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான் தெரியும். நடுநடுவே மடுக்கள் இருக்கும்.

அந்த மடுக்களைப் பற்றித்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொள்ளிடத்திலும் சிதம்பரம் பக்கத்துப் பழைய கொள்ளிடத்திலும் முதலைகள் உண்டு. ஆறு சுருங்கும்போது எஞ்சிய ஆழங்களில் அவையும் ஒதுங்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மணல் கரைகளில் முட்டையிடும் காலம் வேறு. படகைத் தோளில் தூக்கி ஒவ்வொரு மணல் திட்டாக ஏறி இறங்கும் மனிதன் அந்தக் கரைகளில்தான் கால் வைத்தாக வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஒரு காலையில், ஷட்டருக்குக் கீழே மணலில் கை அகலத்துக்கு ஒரு தடம் பார்த்தேன். இரு பக்கமும் நகக்குறி, நடுவில் வால் இழுத்த கோடு. கோட்டின் ஓரத்து மணல் இன்னும் ஈரமாக இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பகுதியில் தனியாகக் கால் நனைத்ததில்லை.

நீங்கள் போக வேண்டியது, கடல் ஓதம் ஏறி இறங்கும் கடைசிப் பகுதி. கொள்ளிடம் ஊரருகே பாலத்துக்குக் கிழக்கில் இறங்கினால், பழையாறு வரை மூன்றரை மணி நேரத் துடுப்பு. முதலையை அங்கேயும் மறக்க வேண்டாம். கோரை அடர்ந்த கரையில் ஒதுங்காமல், மீனவர்கள் படகு கட்டும் துறையில் இறங்குங்கள், அங்கேயே ஏறுங்கள். அங்கே மாசியில் மேலிருந்து நீர் வராவிட்டாலும் ஆறு இருக்கும், ஆனால் ஆறு மணி நேரம் கடலை நோக்கியும் ஆறு மணி நேரம் கடலிலிருந்தும் ஓடும். இந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும்.

மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஓதம் வலுக்கும், வற்றும்போது முகத்துவாரத்தில் இழுப்பும் அதிகம். தனி ஆளுக்கு அது நாளல்ல. மகத்தன்று கரையில் நின்று சாமி தீர்த்தவாரி பாருங்கள். எட்டு நாள் கழித்து, தேய்பிறை அஷ்டமி வாக்கில் படகை எடுங்கள். நான் முதல் முறை போனது அப்படி ஒரு நாளில்தான். காலை ஐந்தே முக்கால் மணி, தெற்கு வானில் உயரே அரை நிலா. மூங்கில் குச்சி ஒன்றைக் கரைச் சேற்றில் ஊன்றிவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் குச்சியில் இரண்டு விரல் அகலம் ஈரக்கோடு நீருக்கு மேலே தெரிந்தது. வற்றம் நடக்கிறது என்று உறுதி செய்துகொண்டு இறங்கினேன். துடுப்பை மடியில் வைத்தாலும் படகு தானாகக் கிழக்கே போனது. ஒரு வளைவு தாண்டியதும் காற்றின் மணம் மாறியது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன், உப்பு. அறுபது வயதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நீரை ஷட்டர் உயரமாகவும் கன அடியாகவும் மட்டுமே கணக்கு எழுதியிருந்தேன்.

மறு ஆண்டு பங்குனியில் தாமதமாக, ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். முந்தின நாளே மீனவர் ஒருவர் சொல்லியிருந்தார்: "ஐயா, பத்து பதினொரு மணிக்குக் கொண்டல் காற்று எழுந்துவிடும், அதற்குள் கரை ஏறிவிடுங்கள்." நான் கேட்கவில்லை. காற்று நேர் எதிரே வந்தது, ஓதமும் திரும்பிவிட்டது. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கை தூக்க முடியாமல் நண்டு வலைக் கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மீனவருடைய ஃபைபர் படகுதான் என்னைக் கட்டி இழுத்துவந்தது. விடியலில் கிளம்பி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள்.

காற்றடைக்கும் கயாக்கை இதற்கு எடுக்காதீர்கள். பாலத் தூண்களிலும் கண்டல் (அலையாத்தி) மர வேர்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பி கத்திபோல் அறுக்கும். கெட்டியான கயாக், உடலோடு இறுகிய லைஃப் ஜாக்கெட், கழுத்தில் விசில், மூன்று லிட்டர் தண்ணீர், நீர் புகாத உறையில் செல்பேசி. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண் அதில் இருக்கட்டும். முகத்துவாரத்துக்கு அரை கிலோமீட்டர் முன்பே பழையாற்றுப் பக்கம் ஒதுங்கிவிடுங்கள். வடகரையில் பிச்சாவரம் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. அங்குள்ள தில்லை மரத்தின் கிளையை ஒதுக்கக்கூடக் கை வைக்க வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. அவளும் தனியாகக் கயாக்கில் போகப் பிடிவாதம் பிடிக்கிறாள். அனுப்பலாமா?
- ஒரு தாய், சீர்காழி

பதில்: அம்மா, அவளை ஆழமான குளத்துக்கு அழைத்துப்போங்கள். பக்கத்தில் நீந்தத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். உங்கள் கண்ணெதிரே படகைக் கவிழ்த்து, அவளாகவே மூன்று முறை ஏறிக் காட்டட்டும். காட்டினால் அனுப்புங்கள். கிளம்பும் நேரமும் கரை சேரும் நேரமும் ஒரு தாளில் எழுதி உங்கள் கையில் இருக்க வேண்டும். சேரும் நேரம் தாண்டி அரை மணி ஆனால், யோசிக்காமல் பழையாற்றுத் துறைக்குச் சொல்லி ஆள் அனுப்புங்கள். என் மனைவி எனக்குச் செய்வது இதுதான்.

கேள்வி: பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடம் வரை கயாக்கில் போகலாமா?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: மாசியில் முடியாது. மேலையூர் கடையணைக்குக் கீழே ஓட்டம் இருக்காது, முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும். நீர் ஓடும் மாதங்களில் வழியெங்கும் மதகுகள். மதகின் கீழே சுழலும் நீர் படகையும் ஆளையும் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும், மேலே பார்க்க அமைதியாகவே தெரியும். கடையணையிலிருந்து கரையோரமாக நடந்து போங்கள். விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் கடலைப் பார்த்துவிடலாம்.