அக்காவுக்குச் சீலியாக், எனக்கும் இருக்குமா?

*கேள்வி: வணக்கம் டொக்டர். வயது 34, கல்லடியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவுக்குப் போன வருஷம் சீலியாக் நோய் என்று சொல்லிவிட்டார்கள். கோதுமை மா இனி வாழ்நாளில் கூடாதாம். எனக்கும் ரொட்டி, பாண், கொத்து எதைச் சாப்பிட்டாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் வயிறு ஊதிப் பொருமும், சில நாள் வயிற்றோட்டமும் போகும். அக்கா சொன்னதைக் கேட்டு மூன்று மாதமாகக் கோதுமையை நிறுத்திவிட்டேன். முக்கால்வாசி சுகம். இனியும் சோதித்துப் பார்க்கத் தேவையா? “இதெல்லாம் வெளிநாட்டு வருத்தம், நமக்கு வராது” என்கிறா மாமி. ஆறு வயது மகளும் மெலிந்த பிள்ளை. அவளுக்கும் மாச்சாப்பாட்டை நிறுத்தவா? – பெயர் வேண்டாம், கல்லடி*

மகள், சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். அதற்காக நீங்கள் திரும்பவும் ரொட்டி சாப்பிட வேண்டும். சுகம் கண்ட பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு வழியில்லை.

சீலியாக் என்பது கோதுமைப் புரதத்தால் சிறுகுடலின் உட்சுவர் சேதமாகும் நோய். அதற்கு முதலில் செய்வது ஓர் இரத்தப் பரிசோதனை. டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்பார்கள். குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் உள்ளே போகும்போது நோயாளியின் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத்தான் அது அளக்கிறது. குளூட்டன் போகாவிட்டால் அந்தப் பிறபொருளெதிரி மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும். மூன்று மாதம் நிறுத்தியிருக்கும் உங்கள் இரத்தத்தை இன்றைக்கு எடுத்தால், நோய் இருந்தாலும் ‘இல்லை’ என்று வரக்கூடும். அந்தத் துண்டை நம்பி நீங்கள் பத்து வருஷம் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். எனக்குப் பயம் அதுதான்.

முதலில் ஒரு வைத்தியரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். பிறகு ஆறு கிழமைக்கு, ஒவ்வொரு நாளும் ஒரு நேரத்துக்கு மேல் கோதுமை சேர்த்துச் சாப்பிடுங்கள். காலையில் இரண்டு துண்டு பாண், இரவில் ஒரு ரொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். தாங்க முடியாமல் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், வைத்தியரிடம் போங்கள். நாளைக் குறைத்துப் பார்ப்பதா என்று அவர் முடிவெடுப்பார். இரத்தம் கொடுக்கும்போது மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துக் கேளுங்கள். சீலியாக் உள்ளவர்களில் 100க்கு 2, 3 பேரின் உடல் அந்த வகைப் பிறபொருளெதிரியையே சரியாக உண்டாக்காது. அதைப் பார்க்காவிட்டால் அவர்களின் முடிவு பிழையாகத்தான் வரும். எல்லா லாப்பிலும் இந்தப் பரிசோதனை இருக்காது, போக முன்னம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு ‘ஆம்’ என்று வந்தால் வாய்வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். அது முடியும்வரையும் ரொட்டியை நிறுத்தக்கூடாது.

இவ்வளவு கண்டிப்பாக ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன். என் மூத்த மகள் களுவாஞ்சிகுடியில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே வெளிறிப்போய்த்தான் இருந்தாள். ஹீமோகுளோபின் 9ஐத் தாண்டாது. பூச்சிக் குளிசை கொடுத்தேன், இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தேன், முருங்கையிலைச் சுண்டலும் ஈரலும் விடாமல் சமைத்தேன். குளிசை போடும்போது கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். வயிற்றுக் கோளாறு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. லண்டனுக்குப் போய் 29 வயதில் ஓர் இளம் வைத்தியரிடம் களைப்பு என்று போயிருக்கிறாள். “இத்தனை வருஷம் விழுங்கிய இரும்பு ஏன் உடம்பில் ஒட்டவில்லை?” என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது. சோதித்தால் சீலியாக். தாயும் வைத்தியருமான நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

ஏன் ஒட்டவில்லை என்றால், சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நிற்கும் சடைமுளைகள்தான் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுகின்றன. சீலியாக் உள்ளவருக்குக் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களின் குளூட்டன் உள்ளே போனதும் உடலின் காவற்படை தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. சடைமுளைகள் தேய்ந்து மொட்டையாகின்றன. பிறகு எவ்வளவு ஈரல் சமைத்தும் என்ன? ஒருவருக்கு இரத்தச்சோகை, இன்னொருவருக்கு எலும்பு மெலிவு, வேறொருவருக்கு ஓயாத வாய்ப்புண், கருத்தங்காமை, பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு என்று அது முகம் மாற்றி மாற்றி வரும். வயிறு வாயே திறக்காமலும் இருக்கலாம்.

‘வெளிநாட்டு வருத்தம்’ என்கிற மாமியில் எனக்குக் கோபமில்லை. நான் படித்த காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் இதற்கு வேண்டிய பரம்பரையலகுகள் அக்காவுடன் விமானம் ஏறிப் போகவில்லை. அம்மாவும் அப்பாவும் கொடுத்தவை, உங்களிடமும் இருக்கலாம். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் பார்த்தபோது, நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவில் 100 பேருக்கு 7, 8 பேரிடம் நோய் இருந்தது. பொதுவாக 100க்கு ஒருவர் அளவில்தான் இருக்கும். எல்லா உறவிலும் கூடுதலாக இருந்தது சகோதரிகளுக்குத்தான், 7 பேரில் ஒருவர். நீங்கள் அந்த இடத்தில் நிற்கிறீர்கள். மீதி ஆறு பேருக்கு நோய் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்த கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊரின் பாண் வரிசை ஞாபகம் வரும். 1973, 74இல் விடிய முன்னம் அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பாண் முடிந்துவிட்டால் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற பிள்ளை வைத்தியர், இந்த நோய்க்குப் பாண்தான் காரணமோ என்று 1930களிலேயே சந்தேகப்பட்டிருந்தார். 1944–45 குளிர்காலத்தில் யுத்தத்தால் நாடே பட்டினி கிடந்தது, மா இல்லை, துலிப் பூவின் கிழங்கைக்கூடச் சனம் அவித்துத் தின்றது. ஊரெல்லாம் மெலிய, அவரிடம் இருந்த சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி விழுந்தார்கள். 1950இல் அவர் அதை ஆய்வாக எழுதினார். அதுவரை உலகம் முழுக்க எத்தனை தாய்மார் என்னைப்போல ஈரல் சமைத்துக் கொடுத்திருப்பார்கள்!

இனி, முடிவு ‘இல்லை’ என்று வந்தால்? உங்கள் வயிறு சொன்னது பொய்யாகிவிடாது. இதை என்னை வைத்தே சொல்லலாம். மகளுக்குப் பிறகு நானும், அவள் தகப்பனும், மகனும் சோதித்தோம். மூன்று பேருக்கும் இல்லை. ஆனாலும் அரை இறாத்தல் பாண் சாப்பிட்டால் இன்றைக்கும் என் வயிறு பறை மேளம்தான். சீலியாக் உள்ள குடும்பங்களில் இப்படிச் சொல்லும் உறவினர் நிறையப் பேர். நோயின் பெயரைக் கேட்ட பிறகு நம் வயிற்றையே உற்றுக் கேட்கத் தொடங்குகிறோம், அதுவும் ஒரு காரணம். அதற்காக எல்லாம் மனப்பிரமை என்று நான் ஒதுக்கமாட்டேன்.

கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, ஃபிரக்டான் என்ற ஒருவகை மாச்சத்தும் இருக்கிறது. அது சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளுக்குத் தீனியாகி வாயுவாகும். ஒஸ்லோவில், சீலியாக் இல்லாமலே குளூட்டனை ஒதுக்கி வாழ்ந்த 59 பேருக்கு, எது எதில் இருக்கிறது என்று சொல்லாமல் குளூட்டன் உள்ளது, ஃபிரக்டான் உள்ளது, இரண்டும் இல்லாதது என மூன்று விதத் தின்பண்டம் ஒவ்வொரு கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் அந்த முடிவு வெளியானது. வயிற்றைக் கூடுதலாக ஊதவைத்தது ஃபிரக்டான். குளூட்டனுக்கும் ஒன்றும் இல்லாததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

இந்த ஃபிரக்டான் வெங்காயத்திலும் உள்ளியிலும் லீக்ஸிலும் தாராளமாக உண்டு. கொத்து ரொட்டியில் என்னென்ன போட்டுக் கொத்துகிறார்கள் என்று ஒருமுறை நின்று பாருங்கள், விளங்கும். நான் மூன்று கிழமை கோதுமையை விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குறித்துவைத்தேன். இரண்டு துண்டு பாண் பிழையில்லை. கோதுமை மா சேர்த்து இரவு முழுக்கப் புளித்த தோசை ஒன்றும் செய்யவில்லை, புளிக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. வெங்காயம் அள்ளிப் போட்ட சம்பலோடு மூன்று ரொட்டி என்றால் அன்றைக்கு நித்திரை இல்லை. சீலியாக் இல்லை என்று தெரிந்த பிறகு உங்களுக்கும் அளவு பார்த்துச் சாப்பிட உரிமை உண்டு. சீலியாக் உள்ளவருக்கு அந்த ‘அளவு’ என்ற பேச்சே இல்லை. இதற்காகத்தான் முதலில் சோதிக்கச் சொல்கிறேன்.

மகளுக்கு நிறுத்த வேண்டாம், நிறுத்தவே வேண்டாம். அவளுடைய சுகாதாரப் பதிவேட்டை எடுத்து நிறை, உயரக் கோடு எப்படிப் போகிறது என்று வைத்தியருக்குக் காட்டுங்கள். மெலிந்த பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. கோடு கீழே வளைகிறது என்றாலோ, உங்களுக்கு நோய் உறுதியானாலோ அவளுக்கும் அதே இரத்தப் பரிசோதனை. உங்களுக்கு நிறை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, இரவில் எழுப்பும் வயிற்றோட்டம் வந்தாலோ ஆறு கிழமையை எண்ணிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

*கேள்வி: என் உம்மாவுக்குச் சீலியாக். கட்டாரில் நானாவோடு இருந்தபோது கண்டுபிடித்தார்கள். நான் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன், தினமும் பராட்டாதான். எனக்கு ஒரு கோளாறும் இல்லை. நானும் சோதிக்க வேண்டுமா? பரம்பரையலகைப் பார்த்தால் ஒரேயடியாகத் தெரிந்துவிடும் என்கிறார்களே? – அக்கரைப்பற்று வாசகர்*

ஒருமுறை சோதியுங்கள் தம்பி. தினமும் பராட்டா சாப்பிடுகிறவர், ஆறு கிழமை ஆயத்தமும் வேண்டாம். ஆண்மக்களில் 13 பேருக்கு ஒருவர் என்பது அதே 2015 கணக்கு. வயிற்றுக் கோளாறு இல்லாமலே நோய் உள்ளவர்களும் உண்டு என்பதற்கு என் மகளே சாட்சி.

பரம்பரையலகுப் பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்வதற்கு நல்லது. டி.கியூ.2, டி.கியூ.8 என்ற இரண்டும் இல்லாதவருக்குச் சீலியாக் வருவது மிக மிக அரிது. இருந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. பல நாடுகளில் 100க்கு 30, 40 பேர் இவற்றில் ஒன்றைச் சுமக்கிறார்கள், அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. அதனால் இரத்தத்தில் பிறபொருளெதிரியைப் பாருங்கள், அது போதும். இன்றைக்கு இல்லை என்று வந்தாலும் பின்னர் வரக்கூடும். களைப்பு, இரத்தச்சோகை என்று ஏதாவது தலைகாட்டினால் மறுபடி சோதியுங்கள்.

*கேள்வி: ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்துக்கு லண்டனில் இருந்து என் பெறாமகள் வருகிறாள். அவளுக்குச் சீலியாக். நாங்கள் சோறு, புட்டு சாப்பிடுகிற சனம்தானே, பயமில்லைத்தானே? – ஆரையம்பதி வாசகி*

சோற்றுக்குப் பயமில்லை அக்கா. புட்டுக்குத்தான் பயம். நம் ஆட்கள் அரிசி மாவோடு கோதுமை மாவும் கலந்துதான் குழைக்கிறார்கள், கடை இடியாப்பத்திலும் அப்படித்தான். வீட்டுத் தோசைக்கு உளுந்தோடு கோதுமை மா போடுவீர்களே, அதுவும் ஆகாது. கடை வடையையும் நம்பாதீர்கள். பெருங்காயத் தூளில் கோதுமை மா கலந்திருக்கக்கூடும், இது பலருக்குத் தெரியாது. சோயா சோஸ், மோல்ட் பானம், கட்லட்டில் பிரட்டும் பாண் தூள் எல்லாம் விலக்கு. பொதியில் ‘குளூட்டன் இல்லை’ என்று எழுதுவதற்கான சர்வதேச எல்லை, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது. எவ்வளவு சிறிய அளவு என்று யோசியுங்கள். ரொட்டி சுட்ட கல்லில் அவளுக்கு எதையும் சுடக்கூடாது, மா கிண்டிய அகப்பையை அவள் கறியில் போடக்கூடாது.

மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில்தான் நம் அரிசியும் போகிறது. முடிந்தால் சிவப்பரிசியை ஊறவைத்து வீட்டு உரலில் இடித்து, புதுச் சட்டியில் வறுத்து, அவள் பெயர் எழுதி ஒரு போத்தலில் அடைத்துவிடுங்கள். குரக்கனையும் அப்படியே தனியாக வையுங்கள். மீன் ஆணம், சொதி, முருங்கைக்காய்க் கறி, எருமைத் தயிர், கதலி வாழைப்பழம் எல்லாம் வயிறாரப் போடலாம். அவள் வர முன்னம் மச்சாள்மாரையும் கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள், பாசத்தில் ஒரு துண்டு ரொட்டி ஊட்டிவிடப் போகிறார்கள்.