கண்ணாடி பிடித்தவள்

அன்புள்ள ஐயா,

தீப்பெட்டிப் படம், கிட்டிப்புள், டயர் வண்டி, இருட்டறையில் பிலிம் காட்டியது என்று என் பள்ளி நாட்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. காசில்லாமல், ஆண் பெண் பேதமில்லாமல் விளையாடினோம். என் ஒன்பது வயது மகன் செல்போனை விட்டு எழுவதில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயது, பொறுப்பானவள், தம்பியைப் பார்த்துக்கொள்வாள். இவனை எப்படித் தெருவில் இறக்குவது? எந்த விளையாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

செல்போனைப் பிடுங்கி வையுங்கள். இரண்டு நாள் அழுவான், மூன்றாம் நாள் தெருவுக்குப் போவான். எந்த விளையாட்டு என்று நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அப்பா எடுத்துக் கொடுத்தால் அதுவும் ஒரு பாடமாகிவிடும்.

பிலிம் காட்டியதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு மாதமாக எனக்கும் அதே நினைப்புத்தான்.

கோவில்பட்டிக்குப் பக்கம் எங்கள் ஊர். 1978 வாக்கில் டூரிங் கொட்டகையில் பிலிம் அறுந்தால், ஆபரேட்டர் வெட்டிப் போடும் துண்டுக்காக வெளியே காத்துக் கிடப்போம். ஆறு கட்டம் உள்ள துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். பியூஸ் போன பல்பின் அடியில் இருக்கும் கறுப்பு அரக்கை ஆணியால் நோண்டி, உள்ளே இருக்கும் கண்ணாடித் தண்டை மட்டும் உடைத்து உதறிவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். சன்னலைச் சாக்கால் அடைப்போம். கதவு ஓட்டைக்கு நேராகப் பிலிமைத் தலைகீழாகப் பிடித்து, அதற்கு முன்னால் பல்பைக் கட்டித் தொங்கவிடுவோம். சுவரில் அப்பாவின் வேட்டி. வெளியே ஒரு ஆள் வெயிலில் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து ஒளியை ஓட்டைக்குள் விட வேண்டும். வேட்டியில் எம்.ஜி.ஆர். முகம் விழும். பல்பில் தண்ணீர் அலம்பினால் அவர் கன்னமும் அலம்பும்.

சினிமா ஒரு நொடிக்கு 24 கட்டம் ஓடும். எங்களிடம் இருந்தது கால் நொடி. அதை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கப் படம் ஓட்டினோம். குதிரைக்குக் கொட்டாங்குச்சி, வசனத்துக்கு என் சிநேகிதன். அவன் விட்ட இடத்தில் இன்னொருத்தன் பிடித்துக்கொள்வான். எம்.ஜி.ஆர். ஏன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்பதற்கே அரை மணி நேரக் கதை இருந்தது. அவருக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த தூணுக்குப் பின்னால் நம்பியாரை ஒளித்து வைத்தோம். பிலிமில் நம்பியார் கிடையாது. ஆனாலும் எல்லோரும் பார்த்தோம்.

வெளியே கண்ணாடி பிடித்தது என் அக்கா. அவளுக்கும் அப்போது பன்னிரண்டு வயது.

சூரியன் ஓரிடத்தில் நிற்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் ஒளி ஓட்டையை விட்டு நகர்ந்துவிடும். "ஏ, திருப்பு, திருப்பு" என்று உள்ளேயிருந்து கத்துவோம். கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் திருப்புவாள். ஒரு நாள்கூட அவள் உள்ளே வந்து படம் பார்த்ததில்லை. நீ வா, நான் பிடிக்கிறேன் என்று சொல்ல எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

ஆண் பெண் பேதமில்லாமல் என்று எழுத உங்களுக்கு எப்படி ஐயா மனம் வந்தது? அவர்களும் விளையாடத்தான் செய்தார்கள். பாண்டி ஆடும்போதுகூட இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும். அது அழுதால் ஆட்டத்திலிருந்து போய்விட வேண்டியதுதான். தீப்பெட்டிப் படம் சேர்த்தீர்களே, அதைப் பெட்டியில் ஒட்டிய கை யாருடையது? எங்கள் பக்கம் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்துவிடும். தூக்குச்சட்டியோடு தூக்கக் கலக்கத்தில் பெண் பிள்ளைகள் ஏறுவார்கள். போகாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள். 144 பெட்டி ஒரு குரோஸ், குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. அக்கா ஒட்டினாள். அவள் ஒட்டிய அதே படங்களைக் காலிப் பெட்டியிலிருந்து கிழித்து, தெருவில் வைத்து நான் ஜெயித்தேன், தோற்றேன். 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்குட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தாரை வைத்து வீட்டில் செய்கிற வேலைக்கு விலக்குத் தந்தது. அக்காவுக்குப் பிறகு வந்த பிள்ளைகள் அந்த விலக்குக்குள் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏக்கத்தைத் தப்பென்று சொல்லவில்லை. அந்த வேட்டித் திரையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் அதை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அறைக்குள்ளே இருந்தவர்கள்.

போன மாதம் அக்காவிடம் கேட்டேன், பிலிம் காட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா என்று. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நீங்க உள்ள என்ன பண்ணீங்கன்னு எனக்கு என்னடா தெரியும்? வீட்டுல இருந்தது அந்த ஒரு கண்ணாடிதான். கையெல்லாம் பெட்டி ஒட்டுன பசை. வேர்த்தா நசநசன்னு வழுக்கும். கீழ போட்டா அம்மா கொன்னுருவா. அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றி எத்தனையோ கவலை இருக்கிறது. மகளுக்கு ஒரே வரி, அதிலும் தம்பியைப் பார்த்துக்கொள்கிற வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் அந்தப் பிள்ளைக்கு வீட்டு வேலையெல்லாம் எத்தனை மணிக்கு முடிகிறது? அதன்பிறகு அவள் தெருவுக்கு வருகிறாளா? அவளிடமே கேட்டு எழுதுங்கள். பையனைப் பற்றி அப்புறம் பேசலாம்.