சாமி பயம் இல்லாமல் வளரும் பிள்ளைக்கு ஒழுக்கம் வருமா?

கல்லூரியில் குழந்தை உளவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பெற்றோர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மேடம், நானும் கணவரும் கோயிலுக்குப் போவதில்லை. "சாமி கண்ணைக் குத்தும்னு சொல்லி வளர்க்காத பிள்ளை உருப்படாது" என்கிறார் மாமியார். மகளுக்கு ஐந்து வயது. பயமாக இருக்கிறது.

உருப்படுவாள், பயப்படாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் லாரி நூச்சி, மதக் கட்டுப்பாடு மிகுந்த ஆமிஷ்-மெனனைட் பிள்ளைகளிடம் இரண்டு விஷயங்கள் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று கடவுள் சொல்லாமலே இருந்திருந்தால்? அப்போது செய்யலாம் என்றார்கள். அடுத்தவரை அடிக்கக் கூடாது என்று கடவுள் சொல்லாமலே இருந்திருந்தால்? பெரும்பாலோர் அப்போதும் தப்புதான் என்றார்கள். அத்தனை பக்தியான வீட்டிலேயே பிள்ளைகள் மத விதியையும் அடுத்தவருக்குச் செய்யும் கெடுதலையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். மகள் யாரையாவது அடித்தால், "அவனுக்கு வலிக்குது பார், அழறான் பார்" என்று காட்டுங்கள். சாமி வேண்டியதில்லை, போலீஸ்காரரும் வேண்டாம்.

நாத்திக வீட்டுப் பிள்ளைகள்தான் தாராள மனசு உள்ளவர்கள் என்று ஆய்வே வந்திருக்கிறதே?

வந்தது, 2015-ல். ஆறு நாட்டுப் பிள்ளைகளை ஸ்டிக்கர் பகிரச் சொல்லிப் பார்த்த ஆய்வு. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் நாடுகளுக்கு அடையாளமாக 1, 2, 3 என்று போட்ட எண்களை ஏதோ அளவு போலக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். சரியாகப் போட்டதும் முக்கிய முடிவு நிற்கவில்லை. 2019-ல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. கடவுள் நம்பிக்கை இல்லாத எங்கள் தரப்பு ஆட்களும் இதை இன்னும் பகிர்கிறார்கள், எரிச்சலாக வருகிறது.

அப்படியானால் மதத்தால் ஒரு பயனும் இல்லையா, அம்மா?

அப்படிச் சொல்ல மாட்டேன். சைபீரியாவின் துவா, பிஜி, வனுவாட்டு, டான்சானியா என்று எட்டு சமூகங்களில் நடத்திய ஆய்வு 2016-ல் வெளிவந்தது. யாரும் பார்க்காத இடத்தில் பகடை உருட்டி, அது சொல்கிறபடி நாணயங்களை இரண்டு கோப்பைகளில் போட வேண்டும்; ஒன்று தனக்கோ உள்ளூர்க்காரருக்கோ, மற்றது தூரத்து ஆளுக்கு. ஏமாற்றினால் கேட்க ஆள் இல்லை. எல்லாம் அறிந்து தண்டிக்கும் தெய்வத்தை நம்பியவர்கள், முன்பின் தெரியாத தூரத்து ஆளுக்குக் கூடுதல் நேர்மை காட்டினார்கள். ஆனால் அந்தத் தூரத்து ஆளும் அவர்கள் மதத்துக்காரர். மற்ற மதத்தவரிடமும் அப்படியே நடப்பார்களா என்பதற்கு இதில் பதில் இல்லை.

என் அண்ணன் தினமும் பாராயணம் செய்பவர். பக்கத்து வீட்டுக்காரர் மயங்கி விழுந்தபோது நிற்காமல் ஆபீஸ் போனார். இது என்ன பக்தி?

அண்ணனுக்கு நேரமாகிவிட்டதோ என்னவோ! 1973-ல் வெளியான பிரின்ஸ்டன் ஆய்வு ஒன்றில், இறையியல் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். பாதி பேருக்குத் தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் வாசலில் சுருண்டு, இருமிக்கொண்டிருந்தார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். பேசப்போன தலைப்பால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

நாத்திகன் என்றாலே ஊரில் நம்ப மாட்டேன் என்கிறார்களே?

2019-ல் அமெரிக்காவின் பியூ என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 34 நாடுகளில் கேட்டபோது, ஒழுக்கத்துக்குக் கடவுள் நம்பிக்கை அவசியம் என்றவர்கள் இந்தியாவில் 79 சதவீதம், ஸ்வீடனில் 9. ஸ்வீடன்காரர்கள் ஒருவரையொருவர் கொள்ளையடித்துக்கொண்டா இருக்கிறார்கள்?

பாட்டி பக்திக் கதை சொல்வதை நிறுத்தச் சொல்லலாமா?

வேண்டாம். கதை முடிந்ததும் "அவர் ஏன் அப்படிச் செய்தார், நீயா இருந்தா என்ன செய்வே?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பாட்டிகளுக்கு அது இன்னும் பிடிக்கும்.