காருக்குள் ஒரு பக்கம் அனல், மறுபக்கம் குளிர்: கேள்வி பதில்

கேள்வி: ஓட்டுநர் பக்கம் குளிர்காற்றும் பக்கத்து இருக்கைக்குச் சூடான காற்றும் வருகின்றன. ஹீட்டர் கோரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: பொறுங்கள். ஹீட்டர் கோர் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். அதை எடுக்கப் பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற நேரும் என்பதால், கையுறை அணிந்து ஒரு சோதனையை முதலில் செய்யுங்கள். இன்ஜின் நன்கு சூடேறியபின் ஹீட்டரை உச்சத்தில் வைத்து, இன்ஜினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவருக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும், விசிறியிலும் பெல்ட்டிலும் படாமல், தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு, மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோருக்குள் கூலன்ட்டின் (இன்ஜின் சூட்டை ஏந்திச் சுற்றும் திரவம்) ஓட்டம் குறைந்திருக்கிறது, பெரும்பாலும் அடைப்புதான். கூலன்ட் நுழையும் பகுதி மட்டும் சூடேறுவதால் காற்றும் ஒரு பக்கமே சூடாக வரும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் கோரை விட்டுவிடுங்கள். இரு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் வண்டியில், சூடான காற்றையும் குளிர்காற்றையும் கலக்கும் கதவின் சிறு மோட்டார்தான் அடுத்த சந்தேகம். வெப்பநிலையை மாற்றும்போது டேஷ்போர்டுக்குள் ‘டிக் டிக்’ என்று கேட்டால், பெரும்பாலும் அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும்.

கேள்வி: ஓடும்போது சூடு வருகிறது, நின்றால் போய்விடுகிறது.

பதில்: கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலப்பது அதற்கு அடையாளம். இன்ஜின் முற்றிலும் ஆறியபின் அளவைப் பாருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்து, திறந்த கணத்தில் முகத்தில் பீறிடும்.

கேள்வி: பின் இருக்கையில் கால் மட்டும் குளிர்கிறது.

பதில்: முன் இருக்கைக்கு அடியிலுள்ள காற்றுத் துவாரத்தை மிதியடி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எனக்கும் ஒரு பக்கம்தான் சூடு. கேபின் ஃபில்டரை மாற்றியும் பயனில்லை.

பதில்: ஃபில்டர் அடைத்தால் இரு பக்கமும் காற்று குறையும், ஒரு பக்கம் மட்டும் குளிராது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் வண்டியிலும் ஒரு பக்கம் குளிர். காரணம் என்ன?

பதில்: ஹோஸ்களைத் தொட்டீர்களா?

கேள்வி: ரேடியேட்டர் கசிந்தபோது கசிவடைக்கும் திரவம் ஊற்றினேன், உடனே நின்றது. இதை நிபுணர்கள் எதிர்ப்பது பழுது வேலை போய்விடுமே என்றுதானே?

பதில்: கசிவு நின்றதை நான் மறுக்கவில்லை. ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு ஓட்டை எது, குறுகிய குழாய் எது என்று தெரியாது. ஹீட்டர் கோரின் குழாய்களோ மிகக் குறுகியவை.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக என் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது!

பதில்: ஓடுவது இன்ஜின். நான் கேட்பது ஹீட்டரைப் பற்றி. இரு பக்கமும் ஒரே சூடு வருகிறதா?

கேள்வி: ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் குறைவுதான். இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். ஒரு ஹோஸ் சுடுகிறது, மற்றது வெதுவெதுப்பு.

பதில்: இன்ஜின் ஆறியபின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, கூலன்ட் வெளியேறும் வழியாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டு எதிர்த்திசையில் கழுவச் சொல்லுங்கள், அழுத்தம் கூடினால் கோர் வெடிக்கும். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவியும் சூடு சமமாகவில்லை என்றால், கோரை மாற்றத்தான் வேண்டும்.